2010 சோபியா உலக சதுரங்கப் போட்டி: பன்னிரண்டாம் ஆட்டமும் லாஸ்கர் தற்காப்பும்

2010 மே 11 அன்று பல்கேரியாவின் தலைநகரான சோபியாவில், உலக சதுரங்க வாகையர் விசுவநாதன் ஆனந்துக்கும் அந்நாட்டு வீரர் வெசலின் டோப்பலோவுக்கும் இடையிலான போட்டியின் கடைசி ஆட்டம் நடைபெற்றது. பதினோரு ஆட்டங்கள் முடிந்த நிலையில் இருவரும் ஆளுக்கு 5.5 புள்ளிகள் பெற்றுச் சமநிலையில் இருந்தனர். கறுப்புக் காய்களுடன் ஆடிய ஆனந்த், நூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான லாஸ்கர் தற்காப்பைத் தேர்ந்தெடுத்து 56 நகர்வுகளில் வென்று, 6.5–5.5 என்ற கணக்கில் பட்டத்தைத் தக்கவைத்துக் கொண்டார். கறுப்பு சமநிலை பெறுவதற்காகவே உண்டான ஒரு தற்காப்பு உலகப் பட்டத்தையே வென்று தந்தது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு விளக்கம். காய்களின் பெயர்கள் தமிழில் ஊருக்கு ஊர் மாறும். இக்கட்டுரையில் ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்ற பெயர்களே எடுத்தாளப்படுகின்றன. மூலையில் நிற்கும் காயைச் சிலர் கோட்டை என்பர். இங்கே அது யானை. குறுக்காகச் செல்லும் காய் மந்திரி. ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது கோட்டை கட்டுதல். பலகையின் நெடுவரிசைகள் வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் எச் வரை எட்டு; குறுக்கு வரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. ஆகவே இ4 என்றால் இ வரிசையின் நான்காம் கட்டம். குறுவட்டப் போட்டிக்குப் போகும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தெரியும்; ஆட்டத்தை ஆசையாகப் பார்க்கும் பெற்றோருக்குத்தான் பெரும்பாலும் தெரிவதில்லை.

தற்காப்பு என்ற சொல்லும் பலரை ஏமாற்றிவிடுகிறது. சதுரங்கத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடுபவர் தொடக்கத்தில் மேற்கொள்ளும் நகர்வு வரிசைக்குத் தற்காப்பு என்று பெயர். பயந்து ஒடுங்குவது என்ற பொருள் அதற்கு இல்லை. வெள்ளை முதலில் நகர்த்துவதால் ஒரு நகர்வு முன்னே இருக்கிறது. அந்த முன்னிலையைக் கரைக்கும் முறைகளே தற்காப்புகள். சில தற்காப்புகள் பாய்ந்து தாக்கும், சில பொறுமையாக இடம் பிடிக்கும். லாஸ்கர் தற்காப்பு இரண்டாம் வகை.

லாஸ்கரின் வழி

வெள்ளை டி4, கறுப்பு டி5, வெள்ளை சி4. இந்த மூன்று சிப்பாய் நகர்வுகளால் உண்டாகும் நிலைக்கு ராணியின் பலியாட்டம் என்று பெயர். சி4 சிப்பாயைக் கறுப்பு பிடிக்காமல் இ6 என்று தன் நடுச்சிப்பாய்க்கு முட்டுக் கொடுத்தால், அது மறுப்பு வகை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கோட்டிங்கன் கையெழுத்துப் பிரதியிலேயே ராணியின் பலியாட்டம் காணப்படுகிறது. ஆனாலும் அது பெருமைக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். 1895இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் நடந்த பெரும் போட்டியில் முதலிடம் பெற்ற அமெரிக்க இளைஞர் பில்ஸ்பரி, ஜெர்மனியின் தாராஷை வென்ற புகழ்பெற்ற ஆட்டமும் இவ்வகையே. வெள்ளை தன் மந்திரியை ஜி5 கட்டத்துக்குக் கொண்டு வந்து எஃப்6இல் நிற்கும் கறுப்புக் குதிரையை அழுத்தும் முறை அதன்பின் பரவியது.

அந்த அழுத்தத்தில் கறுப்புக்கு இரண்டு தொல்லைகள். முதலாவது, இட நெருக்கடி. கறுப்பின் காய்கள் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக் கொண்டு நிற்கும். இரண்டாவது, சி8இல் இருக்கும் வெண்கட்ட மந்திரி. இ6இல் தன் சிப்பாயே குறுக்கே நிற்பதால் அதற்கு வெளியே வர வழியில்லை. மறுப்பு வகையைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் குறை சொல்லிய காய் அது. இந்த மந்திரியை வாசகர் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். சோபியா ஆட்டத்தின் நாயகன் அதுதான்.

இட நெருக்கடிக்கு இமானுவேல் லாஸ்கர் கண்ட மருந்து எளியது. வீட்டில் இடம் போதவில்லை என்றால் சாமான்களைக் குறைப்பதுதானே வழி? எஃப்6இல் நிற்கும் குதிரையை இ4 கட்டத்துக்குப் பாய்ச்ச வேண்டும். உடனே கறுங்கட்ட மந்திரிகள் ஒன்றையொன்று பிடித்துக் கொள்கின்றன. அடுத்துக் குதிரைகளும் மாறிக் கொள்கின்றன. பக்கத்துக்கு இரண்டு காய்கள் குறைந்துவிட்டால் மீதியுள்ளவை மூச்சு விடலாம். 1907இல் அமெரிக்காவின் பல நகரங்களில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ஃபிராங்க் மார்ஷலுக்கு எதிராக லாஸ்கர் இதைக் கையாண்டார். அந்தப் போட்டியில் லாஸ்கர் எட்டு ஆட்டங்களை வென்றார், ஏழு சமனாயின, ஒன்றுகூடத் தோற்கவில்லை.

1868இல் பிறந்த லாஸ்கர், 1894இல் ஸ்டைனிட்ஸை வென்று 1921 வரை 27 ஆண்டுகள் உலக வாகையராக இருந்தவர். அவ்வளவு நீண்ட காலம் அந்தப் பட்டத்தை வேறு எவரும் வைத்திருந்ததில்லை. கணிதத்திலும் ஆராய்ச்சி செய்தவர். இயற்கணிதத்தில் லாஸ்கர்–நோதர் தேற்றம் என்று அவர் பெயரால் வழங்கும் தேற்றம் 1905இல் அவர் நிறுவியதில் தொடங்குகிறது. யூதராகப் பிறந்ததால் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்து, 1941இல் நியூயார்க்கில் காலமானார்.

ராணியின் பலியாட்டம் மறுப்பு வகை 1927இல் உச்சத்துக்குச் சென்றது. போனஸ் அயர்ஸ் நகரில் காப்பாபிளாங்காவும் அலெகினும் ஆடிய 34 ஆட்டங்களில் 32 இவ்வகையே. பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனார்கள் என்றால் மிகையில்லை. பின்னர் வந்த தலைமுறை இந்தியத் தற்காப்புகள் என்று அழைக்கப்படும் கூர்மையான முறைகளை நாடியது. லாஸ்கர் தற்காப்பு அழியவில்லை. உறுதியானது, ஆனால் வெற்றிக்கு உதவாதது என்ற பெயருடன் ஓரமாக இருந்தது. 1989இல் லண்டனில் கார்ப்போவ், இதே தற்காப்பை ஆடிய யூசுப்போவைத் தோற்கடித்த ஆட்டம், உறுதிக்கும் ஓர் எல்லை உண்டு என்று காட்டியது.

சாம்பலும் சாலையும்

போட்டி 2010 ஏப்ரல் 23இல் தொடங்குவதாக இருந்தது. ஏப்ரல் நடுவில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, அதன் சாம்பல் ஐரோப்பிய வான்வெளியை மூடியது. ஃபிராங்க்ஃபர்ட் நகரில் இருந்த ஆனந்துக்கு விமானம் இல்லை. மூன்று நாள் ஒத்திவைக்கும்படி கேட்டார். ஒரு நாள்தான் கிடைத்தது. ஆஸ்திரியா, ஹங்கேரி, ருமேனியா வழியாக ஏறத்தாழ 40 மணி நேரம் சாலையில் பயணம் செய்து சோபியாவை அடைந்தார். எதிராளியின் சொந்த நாடு, சொந்த நகரம், சொந்த ரசிகர்கள்.

டோப்பலோவ் 2005இல் அர்ஜென்டினாவின் சான் லூயிசில் உலக வாகையர் ஆனவர். 2006இல் எலிஸ்டாவில் கிராம்னிக்கிடம் தோற்றார். 2010இல் அவருடைய தரப்புள்ளி 2805, ஆனந்துடையது 2787. எண்களின்படி ஆனந்த் சற்றுக் கீழே. டோப்பலோவின் ஆட்டம் முரட்டுத்தனமானது. யானையைக் கொடுத்து மந்திரியை வாங்கத் தயங்காதவர். சமன் கேட்பதில்லை என்ற கொள்கையையும் இந்தப் போட்டியில் தானாகவே வகுத்துக் கொண்டார்.

ஆனந்தின் உதவியாளர்களாக டென்மார்க்கின் பீட்டர் ஹைன் நீல்சன், உஸ்பெகிஸ்தானின் ருஸ்தம் காசிம்ஜானோவ், போலந்தின் ரதோஸ்வாவ் வொய்தாஷெக், கொல்கத்தாவின் சூர்ய சேகர் கங்குலி ஆகியோர் இருந்தனர். காஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன், அப்போது சிறுவராக இருந்த அனீஷ் கிரி ஆகியோரும் உதவியதை ஆனந்த் போட்டி முடிந்த பிறகு வெளியிட்டார். தன்னிடம் பட்டம் பறிகொடுத்த கிராம்னிக்கே உதவிக்கு வந்தார் என்பது கவனிக்கத் தக்கது.

முதல் பதினொன்று

முதல் ஆட்டத்திலேயே ஆனந்த் தோற்றார். குருன்ஃபெல்டு தற்காப்பில் தயாரித்து வைத்திருந்த வரிசையை மாற்றி நினைவுகூர்ந்துவிட்டார். டோப்பலோவ் குதிரையைப் பலி கொடுத்து 30 நகர்வுகளில் முடித்தார். இங்கே ஒரு சிறு வரலாற்றுச் செய்தி. 1922இல் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்டு பெயரைப் பெற்ற இந்தத் தற்காப்பை, 1850களிலேயே கல்கத்தாவில் மகேஷ் சந்திர பந்தோபாத்யாய என்ற வங்காளி, ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜான் காக்ரேனுக்கு எதிராக ஆடியிருக்கிறார். இந்தியத் தற்காப்பு என்ற பெயரே அவரைப் போன்றவர்களின் ஆட்டமுறையால் வந்தது. பெயர் வைக்கும்போது மட்டும் அவர் விடுபட்டுப் போனார்.

இரண்டாம் ஆட்டத்தில் ஆனந்த் கட்டலான் தொடக்கத்தால் பதிலடி கொடுத்தார். நான்காம் ஆட்டத்திலும் கட்டலான்தான். எச்6இல் குதிரையைப் பலியிட்டு வென்றார். எட்டாம் ஆட்டத்தில், இருவரிடமும் எதிரெதிர் நிற மந்திரிகள் இருந்த, சமன் செய்யக்கூடிய இறுதிக்கட்டத்தை ஐம்பது நகர்வுகளுக்குப் பின் ஒரே தவறால் இழந்தார். ஒன்பதாவதில் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் வந்து நழுவியது. மற்றவை சமன். இப்படித்தான் 5.5–5.5 ஆயிற்று.

கடைசி ஆட்டத்தில் வெள்ளை டோப்பலோவுக்கு. அதுவும் சமனானால் மே 13 அன்று விரைவு ஆட்டங்களால் முடிவு செய்யப்படும். விரைவு ஆட்டத்தில் ஆனந்தின் வேகம் உலகறிந்தது. 2003இல் விரைவு ஆட்ட உலக வாகையராகவும் இருந்தவர். எனவே டோப்பலோவுக்குக் கடைசி ஆட்டத்தில் வெல்ல வேண்டும் என்ற நெருக்கடி; ஆனந்துக்கு அது இல்லை. ஆட்டத்தின் போக்கை நிர்ணயித்தது இதுவே என்பது பரவலான கருத்து. என் கருத்தும் அதுவே.

ஆட்டம்

கறுப்புடன் ஆடிய முந்தைய ஆட்டங்களில் ஆனந்த் ஸ்லாவ் தற்காப்பையும் குருன்ஃபெல்டையும் ஆடியிருந்தார். பன்னிரண்டாவதில் டி5, இ6 என்று தொடங்கி, ஐந்தாம் நகர்வில் எச்6 என்று மந்திரியைத் துரத்தி, கோட்டை கட்டி, ஏழாம் நகர்வில் குதிரையை இ4இல் வைத்தார். லாஸ்கர் தற்காப்பு. எதிராளியின் குழு பல மாதங்கள் கணினியில் அலசியிருக்கக்கூடிய புதுப்பாதைகளை விட்டுவிட்டு, எவரும் எதிர்பார்க்காத பழைய பாதைக்குத் திரும்பினார்.

தொடர்ந்து பாடநூலில் உள்ளபடியே நடந்தது. மந்திரிகள் மாறின, குதிரைகள் மாறின. கறுப்பு டி5 சிப்பாயால் சி4ஐப் பிடித்து நடுவை விட்டுக்கொடுத்தது. பதின்மூன்றாம் நகர்வில் பி6, அடுத்து சி5. இந்த இரண்டு சிப்பாய் நகர்வுகளும் ஒரே நோக்கத்துக்காக: அடைபட்ட மந்திரிக்குப் பி7 வழியாகக் கதவைத் திறப்பது. பதினெட்டாம் நகர்வுக்குள் மேலும் ஒரு குதிரையும் மந்திரியும் மாறிவிட, கறுப்பிடம் ராணி, இரண்டு யானைகள், அந்த மந்திரி. வெள்ளையிடம் ராணி, இரண்டு யானைகள், ஒரு குதிரை.

இந்த நிலையில் கறுப்புக்குக் குறை இல்லாமல் இல்லை. ஏ7இலும் சி5இலும் இருந்த சிப்பாய்கள் பக்கத்தில் துணை இல்லாத தனிச் சிப்பாய்கள். வெள்ளைக் குதிரை பி3, ஏ5, சி4 என்று அவற்றைச் சுற்றி வட்டமிட்டது. வெள்ளை யானை ஒன்று ஏ3 கட்டத்துக்குப் போய் ஏ7 சிப்பாயைக் குறிவைத்தது. டோப்பலோவ் சமனுக்காக ஆடவில்லை என்பது இங்கே தெளிவாகிறது. ஒரு சிப்பாய்க்காக இரண்டு காய்களை ராஜாவின் பக்கத்திலிருந்து தொலைவுக்கு அனுப்பிவிட்டார். எஃப்3, ஜி3 என்று சிப்பாய்களை நகர்த்தி ராஜாவை ஜி2இல் வைத்திருந்தார். அந்தக் கட்டம் ஏ8 முதல் எச்1 வரை செல்லும் நீண்ட மூலைவிட்டத்தின் மேல் இருக்கிறது.

கறுப்பு மந்திரி என்ன செய்தது? பி7இலிருந்து ஏ6க்குப் போய் யானையைத் தொந்தரவு செய்தது. டி3க்குப் போய் ராணியை விரட்டியது. மறுபடியும் ஏ6, மறுபடியும் பி7. குதிரை ஏ5க்கு வந்து தாக்கியபோது, 28ஆம் நகர்வில் ஏ8 மூலையில் போய் ஒதுங்கியது. பார்ப்பவர்களுக்கு அது தோற்றோடிய காய் போலத் தெரியும். ஆனால் அந்த மூலையிலிருந்து மூலைவிட்டம் முழுவதும் வெள்ளை ராஜா வரை நேர்ப்பார்வை. இடையில் எஃப்3இல் ஒரே ஒரு வெள்ளைச் சிப்பாய்.

29ஆம் நகர்வில் கறுப்பு இ5 என்றது. டோப்பலோவ் 30ஆவதாக இ4 என்று மூலைவிட்டத்தை அடைத்தார். ஆனந்த் எஃப்5 என்று அந்த அடைப்பை முட்டினார்.

டோப்பலோவ் எஃப்5இல் பிடித்தார். ஒரு சிப்பாய் லாபம்தான். ஆனால் இ4இல் இருந்த அடைப்பு போய்விட்டது. ஆனந்த் உடனே இ5 சிப்பாயை இ4க்குத் தள்ளினார். இரண்டாவது சிப்பாயையும் கொடுக்கிறார். டோப்பலோவ் 32ஆவதாக எஃப்3 சிப்பாயால் அதையும் பிடித்தார். இந்த இரண்டு பிடிப்புகளையும் ஆய்வாளர்கள் தவறு என்றே குறித்துள்ளனர்; இரண்டாவது பெருந்தவறு.

கறுப்பு ராணி இ4இல் பிடித்து ஷா கொடுத்தது. இப்போது ராணியும் அதற்குப் பின்னால் ஏ8இல் மந்திரியும் ஒரே மூலைவிட்டத்தில். வெள்ளை ராஜா ஜி1க்குப் பின்வாங்கினால் என்ன? ராணி எச்1க்கு வந்து மாட். ராணியை ராஜா பிடிக்க முடியாது, ஏனென்றால் அதற்குக் காவல் ஏ8இல் உள்ள மந்திரி. எஃப்2இல் சொந்த யானையே நின்று வழியை மறிக்கிறது. பலகையில் இந்த நிலையை அடுக்கி வைத்து மாணவர்களிடம், ராஜா ஏன் வீட்டுக்குப் போகக் கூடாது என்று கேட்டுப் பாருங்கள். எட்டுக் கட்டங்களுக்கு அப்பால் மூலையில் இருக்கும் மந்திரியைக் கண்டுபிடிக்க அவர்களுக்குச் சற்று நேரம் ஆகும். கண்டுபிடித்தவுடன் ஒரு சத்தம் எழும்.

எனவே ராஜா வெளியேதான் வர வேண்டும்: எச்3. கறுப்பு யானை டி4இல் வந்து நான்காம் வரிசையைக் கைப்பற்றியது. சி4இல் இருந்த குதிரை இ3க்கு ஓடி வந்தது, ராணி இ8க்குப் பின்வாங்கி வேறு வழியாக நுழையப் பார்த்தது. வெள்ளை ஜி4 என்று ராஜாவுக்குக் கூரை போட, கறுப்பு எச்5 என்று அந்தக் கூரையைத் தட்டியது. ராஜா எச்4க்கு ஏறியது. நான்காம் வரிசையில், திறந்த வெளியில், எதிரியின் சிப்பாய்க்கு நேர் கீழே ராஜா. கறுப்பு ஜி5 என்று இரண்டு கட்டம் தள்ளி ஷா கொடுத்தது. வெள்ளை அதைப் போகிற போக்கில் பிடிக்கும் விதிப்படி எஃப்5 சிப்பாயால் பிடித்தது. ராணி ஜி6இல் திருப்பிப் பிடித்தது. உலகப் பட்டத்தின் கடைசி ஆட்டத்தில் இந்த விதி பயன்பட்டதைச் சொன்னால், அப்படி ஒரு விதியே கிடையாது என்று சண்டை போடும் பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள்.

38ஆம் நகர்வில் கறுப்பு யானை ஜி4 சிப்பாயை விழுங்கி ஷா. அடுத்து இன்னொரு யானையும் இ7க்கு வந்து சேர்ந்தது. டோப்பலோவ் கைகட்டி நிற்கவில்லை. எஃப்8இல் யானையால் ஷா, எஃப்5இல் குதிரையால் ஷா என்று எதிர்த்தார். கறுப்பு ராஜா எச்7இல் போய் நின்றது. ஏ3இல் நெடுநேரம் வேலையில்லாமல் நின்ற வெள்ளை யானை 42ஆம் நகர்வில் ஜி3க்கு வந்தது. வந்தவுடன் பிடிபட்டது. பின்னர் ராணி ஜி4இல் ஷா, யானை இ2இல் ஷா, அதே யானை ஜி2இல் ஷா. மூன்றாவது ஷாவுக்கு வெள்ளை ராணியையே கொடுக்க வேண்டியதாயிற்று. ஜி2இல் நின்ற யானைக்குக் காவல் யார்? ஏ8 மந்திரி. 46ஆம் நகர்வில் ராணி அந்த யானையைப் பிடிக்க, மந்திரி மூலைவிட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை அருகே வந்து ராணியைப் பிடித்தது. 28ஆவது நகர்வில் மூலைக்கு ஒதுங்கிய காய் அதன்பின் நகர்ந்தது இந்த ஒரே முறைதான்.

மந்திரியும் உடனே பிடிபட்டது. கணக்குப் பார்த்தால் கறுப்பு ஒரு யானையும் மந்திரியும் கொடுத்து ராணியை வாங்கியிருந்தது. மீதி: கறுப்பிடம் ராணி, வெள்ளையிடம் யானையும் குதிரையும், சிப்பாய்கள் பக்கத்துக்கு மூன்று. இப்படிப்பட்ட நிலையில் யானையும் குதிரையும் ஒன்றுக்கொன்று காவலாக அரண் அமைத்துக் கொண்டால் ராணியால் உள்ளே நுழைய முடியாமல் போகலாம். ஆனந்த் அதற்கு இடம் தரவில்லை. பத்து நகர்வுகள் நிதானமாக ஆடினார். 56ஆவதாக அவர் ராணியை ஜி7இல் வைத்தவுடன் டோப்பலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

தற்காப்பு வென்றதா?

லாஸ்கர் தற்காப்பு வென்றது என்று சொல்வது முழு உண்மை அல்ல. பதினெட்டாம் நகர்வில் நிலை ஏறக்குறைய சமன். தற்காப்பின் வேலை அத்துடன் முடிந்தது. அதன்பின் வென்றது நிலைமையைப் புரிந்து கொண்ட நிதானம். டோப்பலோவ் சமனை ஏற்கும் மனநிலையில் இருந்திருந்தால் முப்பதாம் நகர்வை ஒட்டி ஆட்டம் அமைதியாக முடிந்து, விரைவு ஆட்டத்துக்குப் போயிருக்கும். லாஸ்கர் தற்காப்பு ஆனந்துக்குத் தந்தது வேறொன்று: காய்கள் குறைந்த, ஆபத்து குறைந்த, எதிராளி அவசரப்பட்டால் மட்டுமே உடையும் ஒரு பலகை. வெல்ல வேண்டிய கட்டாயத்தில் இருந்தவருக்கு அதைவிடப் பெரிய சித்திரவதை இல்லை.

இதற்கு மாறான கருத்தும் உண்டு. எஃப்5, இ4 என்று இரண்டு சிப்பாய்களைப் பலி கொடுக்கும் துணிவு தற்காப்பு மனநிலையில் வராது என்பர் சிலர். அதில் நியாயம் இருக்கிறது. லாஸ்கரே தன் காலத்தில் அப்படித்தான் ஆடினார். எதிராளியின் மனத்தைப் படித்து, அவருக்கு எது பிடிக்காதோ அதைப் பலகையில் வைப்பவர் என்று பெயர் எடுத்தவர். அந்த அளவில் இந்த ஆட்டத்துக்கு அவர் பெயர் பொருத்தமானதே.

டெல்டாவிலிருந்து சோபியாவுக்கு

ஆனந்த் 1969 டிசம்பர் 11 அன்று மயிலாடுதுறையில் பிறந்தவர். இக்கட்டுரை எழுதப்படும் திருமானூர் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. மயிலாடுதுறை இங்கிருந்து கிழக்கே, காவிரி கடலை நெருங்கும் பக்கம். எங்கள் பகுதியில் சதுரங்கம் ஆடும் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியே ஒரு ஊக்கம். அவர் வளர்ந்தது சென்னையில். ஆறு வயதில் தாயார் சுசீலாவிடம் ஆட்டம் கற்றார். பின்பு சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் பயின்றார். 1972இல் அந்தக் கழகத்தைத் தொடங்கியவர் மானுவேல் ஆரோன். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். 1960 லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக வாகையர் மாக்ஸ் ஏவேயை வென்றவர். இன்று தமிழகத்தில் கிராண்ட்மாஸ்டர்கள் பெருகியதற்கு ஆனந்தை மட்டும் காரணமாகச் சொல்கிறோம். ஆரோனுக்கும் அதில் பங்கு கொடுக்க வேண்டும்.

ஆனந்த் 1987இல் உலக இளையோர் பட்டத்தை வென்று, 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். சோபியாவுக்குப் பிறகு 2012இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டை வென்று பட்டத்தைக் காத்தார். 2013இல் சென்னையிலேயே கார்ல்சனிடம் இழந்தார். லாஸ்கர் தற்காப்பு மீண்டும் முன்னணி வீரர்களின் பலகைக்கு வந்தது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் இதற்கு ஒத்த ஒரு காட்சி நடந்தது. சென்னையைச் சேர்ந்த தொம்மராஜு குகேஷ், சீனாவின் டிங் லிரனுக்கு எதிராகக் கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் அமர்ந்தார். அங்கும் புள்ளிகள் சமம், 6.5–6.5. அங்கும் சமனானால் விரைவு ஆட்டம். வேறுபாடு ஒன்று: சோபியாவில் வெள்ளை வெற்றியைத் துரத்தியது, சிங்கப்பூரில் வெள்ளை சமனைத் தேடியது. டிங் 55ஆம் நகர்வில் யானையை எஃப்2இல் வைத்தார். யானைகள் மாறின, அடுத்து மந்திரிகளும் மாறின, சிப்பாய் அதிகமாக வைத்திருந்த குகேஷ் 58 நகர்வுகளில் வென்றார். அப்போது அவருக்கு வயது 18.